மிசினுக்கு ஒரு பங்கு

கல்லைப் பார்த்ததும் சோமசேகரத்துக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான்.

நானூறு கிலோமீற்றருக்கு மேல் பிரயாணம் செய்து வந்த கல். எட்டாக மடித்த வெள்ளைக் கடதாசிக்குள் வைத்து, கடதாசியைச் சேட் பொக்கற்றுக்குள் வைத்து, பொக்கற்றின் வாயில் இரண்டு ஊசி குத்தி, அதற்கு மேல் ஒரு கையால் பொத்திக்கொண்டு வந்திருந்தார் விமலசிறி. விறாந்தை மேசையில் கடதாசியை விரித்தபோது உள்ளே கிடந்தது, மழைக்காலத்தில் கசிந்துபோன கற்கண்டுத் துண்டு மாதிரி ஒன்று. பெருவிரல் நகமளவு. பால் கலந்த சாம்பல் நிறம். ஓரத்தில் மட்டும், நீலமோ என்று சந்தேகப்படும்படி ஒரு கோடு.

“இதுதானோ?” என்றார் சோமசேகரம்.

“இதுதான் அண்ணை. மூஞ்சியைச் சுளியாதையுங்கோ, மாத்தயா பாத்துக்கொண்டிருக்கிறார்,” என்றான் கனிசியஸ்.

கனிசியஸ் குருநகர்க்காரன். கருவாட்டு லொறி ஓட்டுகிறவன். மாதம் இரண்டு தடவை இரத்தினபுரிச் சந்தைக்குப் போய்ப் போய்ச் சிங்களம் பழகியவன். மாத்தயா என்று அவன் மரியாதையாக அழைக்கிற விமலசிறிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சோமசேகரத்துக்குச் சிங்களம் தெரியாது. ஆக, அந்த விறாந்தையில் எந்தக் கதையும் கனிசியஸின் வாய் வழியாகத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வெங்காயம் போடுகிற மனிதருக்கும் இரத்தினக்கல்லுக்கும் என்ன தொடர்பு?

ஒரு தண்ணீர் இறைக்கும் மிசின்.

மண்ணெண்ணெய்க்காக ஊரே கலனோடு வரிசையில் நின்ற வருடம் அது. சோமசேகரத்திடம் இரண்டு மிசின்கள் இருந்தன. ஒன்றை ஓட்டவே எண்ணெய் இல்லை. மற்றது கொட்டிலில் தூசி பிடித்துக் கிடந்தது. அப்போதுதான் கனிசியஸ் அந்தக் கதையைக் கொண்டுவந்தான். இரத்தினபுரிப் பக்கம் கல் தோண்டுகிறவர்கள் எண்ணெய் எப்படியோ தேடிக்கொள்கிறார்களாம். மிசினுக்குத்தான் தட்டுப்பாடாம். கப்பலில் புதிது வருவதில்லை, வந்தாலும் யானை விலை.

அங்கே குழியில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பங்குதான். காணிக்காரனுக்கு ஒரு பங்கு. லைசன்ஸ்காரனுக்கு ஒரு பங்கு. இறங்கித் தோண்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. இருபது, முப்பது அடி இறங்கினால் ஊற்றுப் பீறிடும். இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கல் கிடக்கிற சரளை மண்ணைத் தொடலாம். ஆகவே மிசினுக்கும் ஒரு பங்கு. மிசின் கதைக்காது. அதன் சொந்தக்காரன் கதைப்பான்.

கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் மிசின் போனது. ஒன்றரை வருடம் ஒன்றும் வரவில்லை. மழை, குழி பூட்டு, மண் சரியில்லை என்று கனிசியஸ் ஏதாவது ஒரு காரணம் கொண்டுவருவான். சோமசேகரத்தின் மனைவி பராசக்தி, மிசின் கருவாட்டோடு கருவாடாகப் போய்விட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது பங்குனி மாதத்துக் காலை வெயிலில், குழியின் லைசன்ஸ்காரர் விமலசிறியே இரவு பஸ் ஏறி வந்து விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். பராசக்தி சிரிப்பதை நிறுத்தி, தேத்தண்ணியோடு பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து வைத்தாள்.

கைத்தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தால் போதாதா என்று சோமசேகரம் கேட்டார். போதாதாம். பங்காளி ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்து, தன் வாயால் சொன்ன பிறகுதான் கல்லை விற்கலாம், அல்லது வேறு ஏதும் செய்யலாம். அவர்களுடைய குழியில் அப்படித்தான். அவருடைய தகப்பன் காலத்திலும் அப்படித்தான்.

“வேறை ஏதும் எண்டால்?”

விமலசிறி கல்லை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து நீளமாகச் சொன்னார். கனிசியஸ் சுருக்கினான். இந்த மாதிரிப் பால் கல்லுக்குக் கெவுடா என்று பெயர். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் உலையில் வைத்துச் சுட்டால், இரும்பே உருகி ஓடுகிற சூட்டில் சுட்டால், பால் கலங்கல் போய் நீலம் எழும்பும். எழும்பினால் விலை பத்து மடங்கு, இருபது மடங்கு. முந்தி இந்தக் கற்களைக் குப்பை என்று நினைத்து வெளிநாட்டு வியாபாரிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்களாம். அவர்கள் கொண்டுபோய்ச் சுட்டுப் பணக்காரரானார்களாம்.

“எழும்பாட்டில்?”

“வெடிச்சுப் போகும் அண்ணை. பிறகு மீன் தொட்டிக்குள்ளைதான் போடலாம்.”

ஒரு பங்காளி வேண்டாம் என்றாலும் சுட முடியாது. மற்ற எல்லோரும் சுடச் சொல்லிவிட்டார்கள். மிசினின் வாய் மட்டும்தான் மிச்சம்.

சோமசேகரம் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் பார்த்தார். அங்கே ஏரம்புவின் காணி. மூன்று பரப்பு, நல்ல தண்ணீர்க் கிணற்றில் ஒரு பங்கு. ஏரம்பு பிள்ளைகளோடு போய் இருக்கக் கனடாவுக்கு வெளிக்கிடுகிறார். சித்திரை வரை பார்ப்பேன், பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். சோமசேகரத்தின் சொந்தக் கிணறு மூன்று வருடமாக உவர் பிடித்துவிட்டது. வெங்காயத் தாள் நுனி கருகுகிறது. இன்னும் இரண்டு போகம் போனால் அந்தத் தறையில் புல்லும் முளைக்காது. கல்லை இப்படியே விற்றால் அவர் பங்குக்குக் கிணற்றின் கட்டுக்கூடக் காணாது. நீலம் எழும்பினால் ஏரம்புவின் காணி அவருடையது.

விவசாயி வேறு என்ன செய்வான்? ஒவ்வொரு போகமும் மண்ணுக்குள் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவன்தானே.

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது விமலசிறி தாழ்ந்த குரலில் இன்னும் ஏதோ சொன்னார். சுஜித் என்றொரு பெயர் வந்தது. நிலூகா என்று இன்னொரு பெயர். சொல்லும்போது அவருடைய கை, விரித்த உள்ளங்கையோடு, இடுப்பிலிருந்து மெல்ல மெல்ல உயர்ந்து கழுத்தடியில் வந்து நின்றது.

கனிசியஸ் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“என்னவாம்?”

“ஒண்டுமில்லை அண்ணை. மழைக் கதை.”

முப்பது வருடம் கிணற்றோடு சீவித்த மனிதர் சோமசேகரம். தண்ணீர் ஏறுவதைக் காட்டுகிற கைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

“கனிசியஸ், கழுத்து மட்டும் தண்ணி ஏறினது ஆருக்கு?”

கனிசியஸ் விமலசிறியைப் பார்த்தான். விமலசிறி, ஏன் இவருக்கு இது தெரியாது என்பதுபோலக் கனிசியஸைப் பார்த்தார். வேறு வழி இருக்கவில்லை. துண்டு துண்டாக வந்தது கதை. போன ஐப்பசியில் குழியில் ஒரு சாவு. சுஜித், இருபத்தெட்டு வயது, தோண்டுகிறவர்களில் இளையவன். தண்ணீர் ஏறி, பக்கச் சுவர் சரிந்து, அவன் அடியில் அகப்பட்டுப்போனான். விசாரணை நடந்தது, இரண்டு மாதம் குழி பூட்டிக் கிடந்தது. தை பிறந்து திரும்ப இறங்கினார்கள். சுஜித் தோண்டிக் குவித்த மண்ணை அரித்தபோதுதான் இந்தக் கல் வந்தது. ஆகவே அவனுடைய பங்கு அவன் மனைவி நிலூகாவுக்கு.

“எனக்கு மழையாலை பூட்டு எண்டுதானே சொன்னனீ?”

“மழையும் பெய்ததுதான்.”

“மிசின் நிண்டு போச்சோ?”

இல்லை என்று கனிசியஸ் மெதுவாகத் தலையாட்டினான். “ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். தண்ணிதான் இழுக்கேல்லையாம்.”

சோமசேகரம் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

மிசின் ஓடுகிறது, தண்ணீர் இழுக்கவில்லை என்றால் அர்த்தம் ஒன்றுதான். குழாயின் அடிநுனி அடைத்துவிட்டது. அடிநுனியில் அவர்தான் வலை கட்டியிருந்தார். உரும்பிராயில், கோப்பாயில், எங்கும் கட்டுவார்கள். கிணற்றுக்குள் விழுகிற இலையும் தவளையும் குழாய்க்குள் போகாமல் பழைய மீன்வலைத் துண்டொன்றை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். சுண்ணக்கல்லுக்குள்ளால் வடிந்து வருகிற தண்ணீருக்கு அது போதும். களிமண் கரைந்து கூழாய் நிற்கிற குழித் தண்ணீரை அவர் கண்டதில்லை.

அது மட்டும் என்றால் தெரியாமல் செய்த பிழை என்று ஆறியிருக்கலாம். ஆனால் ஆவணி மாதத்தில் ஒரு நாள், பாத்தி கட்டிக்கொண்டிருந்த நேரம், கனிசியஸ் தொலைபேசி எடுத்திருந்தான். குழிக்காரர் அந்த வலையை வெட்டி எறியட்டோ என்று கேட்கிறார்கள் என்றான். கையில் மண்வெட்டியோடு நின்று, ஒரு நிமிடமும் யோசிக்காமல், வெட்ட வேண்டாம் என்று சொன்னவர் சோமசேகரம். கல்லும் மண்ணும் உள்ளே போனால் மிசின் பழுதாகிவிடும் என்று சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

எழும்பி உள்ளே போனார். பராசக்தி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரலில் அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. வந்த மனிதர் ஒரு குற்றமும் சொல்லவில்லை. விசாரித்தவர்களும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு இவர் ஏன் போய்ப் பதில் சொல்ல வேண்டும்? சொன்னால் பங்கு போகலாம். பொலிஸ், கோடு, வழக்கு என்று இழுபடலாம். செத்தவன் எழும்பப் போவதில்லை.

“இஞ்சாருங்கோ, சுடட்டும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லி ஆளை அனுப்பிவிடுங்கோ.”

சோமசேகரம் செம்பில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். உவர். மூன்று வருடமாக இந்த உவரைத்தான் குடிக்கிறார்கள். இன்றைக்குப் பாதியில் செம்பை வைத்துவிட்டார்.

வெளியே வந்து கனிசியஸுக்கு முன்னால் நின்றார்.

“நான் சொல்லுறதை மாத்தயாவுக்கு அப்பிடியே சொல்லு. ஒண்டும் குறையாதை. வலை கட்டினது நான். வெட்ட வேண்டாம் எண்டதும் நான்.”

கனிசியஸ் அசையவில்லை. “அண்ணை, உங்களுக்கு என்ன விசரோ? அந்த வலைத் துண்டு ஆர் தந்தது? என்ரை தமையன்ரை கிழிஞ்ச வலை, நான்தான் கொண்டுவந்து தந்தனான். வேண்டாம் எண்டு நீங்கள் தமிழிலை சொன்னியள், அதைச் சிங்களத்திலை கொண்டுபோய்க் குடுத்ததும் நான். நீங்கள் பாவசங்கீர்த்தனம் செய்ய வெளிக்கிட்டால் என்னையும் சேத்துத்தான் முழந்தாளிலை விடோணும்.”

“உன்ரை பேரைச் சொல்லாதை.”

“சொல்லாட்டில் மட்டும் தெரியாதோ அவருக்கு? டெலிபோனிலை கேட்டது என்ரை குரல்.”

விமலசிறி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கனிசியஸ் கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், சொன்னான். எத்தனை வசனம் என்று சோமசேகரம் எண்ணவில்லை. வலை என்ற இடம் வந்தபோது கனிசியஸ் தன் நெஞ்சையும் ஒருதரம் தொட்டதை மட்டும் கண்டார்.

விமலசிறிக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. கல்லைக் கடதாசியில் வைத்து மெதுவாக மடித்தார். அவர் சொன்னதைக் கனிசியஸ் இந்த முறை சுருக்கவில்லை.

வலையை அவர்கள் எல்லோரும் ஒவ்வொரு நாளும் கண்டார்கள். நாளுக்கு மூன்று தடவை அடைக்கும். மூன்று தடவையும் யாராவது தண்ணீருக்குள் குனிந்து கையால் களியை வழித்துவிட வேண்டும். இளையவன் என்பதால் அது சுஜித்தின் வேலையாகிவிட்டது. அன்றைக்கும் அதற்குத்தான் குனிந்தான். விமலசிறியின் இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும். ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஆனால் மிசின் ஒரு பங்காளி. பங்காளியின் சொல்லை மீறி அவன் பொருளில் கைவைப்பது குழியில் களவுக்குச் சமம். பிறகு மிசின் பழுதானால் தன் தலையில்தான் விழும் என்று அவரும் பயந்தார்.

“சரளை தெரியத் தொடங்கியிருந்தது,” என்று முடித்தார் விமலசிறி. “எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. வலை உங்களுடையது. அவசரம் எங்களுடையது.”

அதைச் சொல்லிவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி, சுடலாமா என்று திரும்பக் கேட்டார். மத்தியானம் பஸ் இருக்கிறதாம்.

சோமசேகரம் கதிரையில் உட்கார்ந்தார். ஓம் என்ற சொல் இன்னும் வாய்க்குள்தான் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது.

“அந்தப் பிள்ளை நிலூகா என்ன சொன்னவ?”

விமலசிறி தோளைக் குலுக்கினார். அவளுக்குப் பங்கு உண்டு, வாய் கிடையாது. குழிக்குள் இறங்குகிறவனுக்கும், பொருள் போட்டவனுக்கும்தான் வாய். பெண்கள் குழிப் பக்கமே வருவதில்லை. இப்படியே விற்றுத் தாருங்கள், குழந்தையை வைத்துக்கொண்டு சூதாட என்னால் முடியாது என்று அழுதாள்தான். அவளுக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்?

“எங்கடை ஊரிலை கிணத்துக்குப் பங்கு இருக்கு,” என்றார் சோமசேகரம். நிதானமாக, கனிசியஸ் பின்னால் வர நேரம் விட்டு விட்டுச் சொன்னார். “காணி உறுதியிலையே எழுதியிருக்கும். ஆறு பங்கு எண்டால் ஆறு முறை. பங்குக்காரன் செத்தால் அவன்ரை முறை சாகாது. பெண்சாதி விடிய எழும்பி வந்து நிண்டு, இண்டைக்கு என்ரை தண்ணி எண்டு சொன்னால் ஒருத்தரும் மறிக்கேலாது. தண்ணியை மட்டும் தந்துபோட்டு வாயைப் பொத்தெண்டு சொல்லேலாது.”

விமலசிறி யோசித்துவிட்டுச் சொன்னார்: கிணறு நாளைக்கும் ஊறும். கல் ஒருதரம்தான்.

“அதாலைதான் அவவை ஒருக்காக் கேக்கச் சொல்லுறன்.”

கேட்காவிட்டால் மிசினும் வாயைத் திறக்காது என்று அவர் சேர்த்துச் சொன்னார். பராசக்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விமலசிறி முகத்தைச் சுளித்தபடி தொலைபேசியை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

ஒரு பெண்குரல். பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. முதலில் வலைக் கதை, பிறகு கல் கதை என்று சோமசேகரம் கனிசியஸிடம் சொல்லியிருந்தார். கனிசியஸ் சொன்னான். சந்தையில் விலை கூவுகிறவன் குரல் அவனிடம் இருக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அவள் அழவில்லை. ஏசவில்லை. வலையைப் பற்றித் தனக்குத் தெரியும் என்றாள். நைலோன் நூல் அறுத்து, சுஜித் ஒவ்வொரு பின்னேரமும் விரல்களில் கீறலோடு வருவானாம். அவள் தேங்காயெண்ணெய் பூசிவிடுவாளாம். யாருடைய மிசின் என்று ஒருநாள் கேட்டதற்கு, யாழ்ப்பாணத்தில் ஒரு ஐயாவுடையது, அவர் தன் மிசினைக் கவனமாகப் பார்க்கிறவர் என்றானாம்.

இந்த இடத்தில் கனிசியஸ் நிறுத்தினான். சோமசேகரம் தலையசைத்தார். அவன் தொடர்ந்தான்.

“கல்லைச் சுட வேண்டாமாம் அண்ணை. இப்பிடியே விக்கட்டாம். பிறகு...” அவன் தொலைபேசியைப் பார்த்தான். “விக்கிற அண்டைக்குப் பங்காளியள் எல்லாரும் நிக்கவேணும்தானே, அந்த மனுசனையும் வரச்சொல்லுங்கோ எண்டுறா. ஆளைப் பாக்கவேணுமாம்.”

தொடர்பு அறுந்தது.

விமலசிறி சோமசேகரத்தைப் பார்த்தார். குழியின் முறைப்படி நிலூகாவின் சொல் இன்னும் காற்றுத்தான். மிசின் சொன்னால்தான் அது சொல். ஆறு பேர் உலைக்குக் காத்திருக்கிறார்கள். ஏழாவது ஆளும் அதைத்தானே விரும்புகிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காலையில் கல்லைப் பார்த்த கண்ணே காட்டிக்கொடுத்திருக்கும்.

சோமசேகரம் வேலிப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வராது என்று அவருக்குத் தெரியும்.

“சுட வேண்டாம்.”

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. விமலசிறி நீளமாக மூச்சு விட்டார். கோபம் இருந்தது. ஆறு பேருக்கு என்ன பதில் சொல்வது என்ற களைப்பும் இருந்தது. ஆனால் ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்லவில்லை. பங்காளி பார்த்துவிட்டான், சொல்லிவிட்டான். கடதாசியைப் பொக்கற்றில் வைத்து, ஒவ்வொரு ஊசியாகக் குத்தினார். வருகிற வியாழன் விற்பனை என்றார்.

பராசக்தி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. கோபமென்றாலும், வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

“லொறியிலை முன்சீற் இருக்கு அண்ணை,” என்றான் கனிசியஸ். “புதன் பின்னேரம் வெளிக்கிடுவம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, அங்கை நான் கதைக்கிறன். எப்பிடிக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியும்.”

“அதுதான் வேண்டாம்.”

கனிசியஸ் விளங்காமல் பார்த்தான்.

“‘நான்தான் சொன்னனான்’ எண்டு சிங்களத்திலை என்னெண்டு சொல்லுறது?”

கனிசியஸ் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. “மமய் கிவ்வே,” என்றான்.

சோமசேகரம் சொல்லிப் பார்த்தார். நாக்கு இடறியது. திரும்பச் சொன்னார். கை கழுவ எழும்பிய விமலசிறி நடுவழியில் நின்று, திரும்பி, அவர் பிழையாகச் சொன்ன இடத்தைத் தானே மெதுவாகச் சொல்லிக் காட்டினார்.